உஷார்! அந்தக் கடிதம் மாத்தளைக்கு வராது

ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார் வைத்திருப்பவர்களே, கொஞ்சம் நில்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சினை அணைத்துவிடக்கூடிய பழுது ஒன்று உங்கள் வண்டிக்குள் இருக்கலாம். அது வண்டியைச் செய்த நிறுவனத்துக்குத் தெரியும். ஜப்பான் அரசாங்கத்துக்கும் தெரியும். அந்தக் கார் இன்னமும் ஒசாகாவிலோ நகோயாவிலோ ஓடிக்கொண்டிருந்தால், “கொண்டுவாருங்கள், காசில்லாமல் மாற்றித் தருகிறோம்” என்று சொந்தக்காரர் வீட்டுக்குக் கடிதம் போயிருக்கும். கார் இப்போது உக்குவளையிலோ கலேவெலவிலோ நிற்கிறது. கடிதம் இங்கே வராது.

பழுது இருப்பது பெற்றோல் தாங்கிக்குள். தாங்கியில் இருக்கும் பெற்றோலை எஞ்சினுக்குத் தள்ளிவிடும் பம்ப்பைப் பல ஜப்பானியக் கார்களுக்குச் செய்து கொடுப்பது டென்சோ என்ற நிறுவனம். அந்தப் பம்ப்பைத் திறந்தால் உள்ளே விளிம்பெல்லாம் பல் வைத்த சின்னப் பிளாஸ்டிக் சக்கரம் ஒன்று இருக்கும். அது சுற்றினால்தான் பெற்றோல் மேலே ஏறும். சக்கரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள கூட்டுக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளி மயிரிழை அளவுதான். குறிப்பிட்ட காலத்தில் செய்த சக்கரங்களில் பிளாஸ்டிக்கின் அடர்த்தி போதாமல் போய்விட்டது. அப்படிப்பட்ட சக்கரம் நாளடைவில் பெற்றோலை உறிஞ்சி, மழைக்காலத்தில் உப்பிய மரக்கதவு நிலையில் இறுகுவது போலக் கூட்டோடு உரசத் தொடங்கும். பிறகு ஒருநாள் சுற்றாமலே நின்றுவிடும். பெற்றோல் வராது, எஞ்சின் அணையும். டாஷ்போர்டில் முள் அரைத் தாங்கி காட்டிக்கொண்டே இருக்கும்.

இதை ஏதோ நூறு இருநூறு வண்டிகளின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2020 ஜனவரியில் டொயோட்டா இந்தப் பம்ப்புக்காகக் கார்களைத் திரும்ப அழைக்க, அதாவது ரீகோல் செய்யத் தொடங்கியது. அதே வருடம் ஒக்டோபர் முடிவதற்குள் உலகம் முழுக்க 58 இலட்சம் வண்டிகளைத் தாண்டிவிட்டது. 2023 டிசம்பரில் ஹொண்டா சுமார் 45 இலட்சம் வண்டிகளை அழைத்தது. சுபாரு, மஸ்டா, மிட்சுபிஷி என்று மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள். எல்லாம் சேர்ந்தால் ஒரு கோடிக்கு மேல். உயிரும் போயிருக்கிறது. 2023 ஜூலையில் ஜப்பானின் டொட்டோரி மாகாணத்தில் ஹொண்டாவின் சின்னக் கார் ஒன்று ஓட்டத்திலேயே அணைந்து பாதையில் நின்றது. பின்னால் வந்த வாகனம் மோதியதில் அதில் பயணம் செய்த ஒருவர் இறந்தார்.

அது ஜப்பான் பாதை. நம்முடைய பாதையை யோசித்துப் பாருங்கள். இரத்தோட்டை தாண்டி ரிவஸ்டனுக்கு ஏறும் வளைவில், பனி இறங்கிய நேரத்தில், பின்னால் பஸ் ஒன்று முக்கிக்கொண்டு வரும்போது எஞ்சின் அணைந்தால்? எல்கடுவ பக்கம் தோட்டத்துக்குப் போகும் ஒடுங்கிய பாதையில் அணைந்தால்? ஏ9 வீதியில் நாலந்தாவுக்கும் நாவுலவுக்கும் நடுவே, தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிய லொறிகள் இரவில் பறக்கும் நேரத்தில் அணைந்தால்? ஸ்டியரிங் பாரமாகலாம். பிரேக் கல் மாதிரி ஆகலாம். சாதாரணப் பெற்றோல் கார்களில் எஞ்சின் அணைந்த பிறகும் ஓரிரு தடவை அழுத்தும் அளவுக்குத்தான் பிரேக்குக்கு உதவி மிச்சம் இருக்கும். பயத்தில் விட்டு விட்டு மிதித்தால் அதுவும் போய்விடும். காலை எடுக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி, ஓரம் கட்டி, கைப்பிரேக்கைப் போட்டு, சில்லுக்குக் கல் வையுங்கள். ஆட்களை வண்டிக்குள் வைத்திருக்காதீர்கள்.

காலக்கணக்கையும் பாருங்கள், அங்கேதான் நாம் மாட்டிக்கொண்டோம். 2020 மார்ச்சில் இலங்கை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடியும் திறந்தது 2025 பெப்ரவரியில். இன்று மாத்தளை டவுனில் நிற்கும் பிட், வெசல், அக்வா, பிரியஸ் போன்றவற்றில் பெரும்பாலானவை அந்தத் தடைக்கு முன்னால் கப்பலேறியவை. டென்சோ பம்ப் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒவ்வொன்றாக வெளிவந்தது அதற்குப் பிறகான வருடங்களில். அதாவது நம் கார்கள் இங்கே வந்து, இங்கே பதிந்து, இங்கே கைமாறி, லீசிங் கட்டிக்கொண்டிருந்த காலத்தில். ஜப்பானில் பதிவு ரத்தான வண்டிக்குக் கடிதம் அனுப்ப அவர்களிடம் விலாசம் இல்லை. கார் வாங்கியவுடன் முத்துமாரியம்மன் கோயிலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி ஓட்டுகிறோமே, அன்றைக்கே ஐந்து நிமிடம் ஒதுக்கி இன்னொரு காரியத்தையும் பார்த்திருந்தால் பலருக்கு இந்தத் தலையிடி இருந்திருக்காது.

அந்தக் காரியம் செசி இலக்கத்தைப் பார்ப்பது. சி.ஆர். புத்தகத்தை எடுங்கள். ஜப்பான் உள்நாட்டுக்கென்று செய்த காருக்கு 17 எழுத்து நீள இலக்கம் இருக்காது. எழுத்தும் எண்ணுமாக ஒரு சின்னக் குறியீடு, ஒரு கோடு, அதற்குப் பின்னால் இலக்கங்கள், அவ்வளவுதான். பிட் ஹைபிரிட் என்றால் ஜிபி5, மூன்றாம் தலைமுறை பிரியஸ் என்றால் ஸெட்விடபிள்யூ30 என்று தொடங்கும். அமெரிக்க, இங்கிலாந்து இணையத்தளங்களில் இதைப் போட்டால் “அப்படி ஒரு கார் இல்லை” என்றுதான் வரும். அதைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள், அவர்கள் கேட்பது 17 எழுத்து இலக்கம். கார் நிறுவனத்தின் ஜப்பானிய மொழித் தளத்தில் ரீகோல் தேடும் பக்கம் இருக்கிறது. அங்கேதான் இந்த இலக்கம் வேலை செய்யும். மொழி தெரியாவிட்டால் கைப்பேசியில் மொழிபெயர்ப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது வீட்டில் படிக்கும் பிள்ளையைக் கூப்பிடுங்கள். எந்த ரீகோல் உண்டு, அந்த வேலை நடந்ததா இல்லையா என்று காட்டும். பக்கத்தை அப்படியே படம் பிடித்து வையுங்கள். நாளைக்கு உங்கள் கையில் இருக்கும் முதல் சான்று அதுதான்.

ஜப்பானில் மூன்று வகை வைத்திருக்கிறார்கள். பாதுகாப்புச் சட்டத்துக்கு முரணான பழுது என்றால் ரீகோல். சட்டத்தில் நேரடியாக வராவிட்டாலும் ஆபத்து என்றால் திருத்த நடவடிக்கை. இரண்டிலும் சேராத, ஆனால் நிறுவனம் தானாக ஏற்றுச் சரிசெய்துகொடுக்கும் குறை என்றால் சேர்விஸ் கெம்பெய்ன். மூன்றுக்கும் அங்கே கூலி கிடையாது. நம்மாட்கள் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். மூன்றையும் பாருங்கள்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, பூட்டு வந்து மாட்டும் கொக்கி அருகே பாருங்கள். சில வண்டிகளில் இலக்கம் போட்ட சிறிய ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். ரீகோல் வேலை முடிந்த வண்டி என்பதற்காக ஜப்பானில் நீண்ட காலம் ஒட்டிவந்த அடையாளம் அது. கார் விற்பனை நிலையத்தில் பொலிஷ் போடும்போது அழுக்கு என்று நினைத்து உரித்துவிடுபவர்களும் உண்டு. இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். தேடல் பக்கம் சொல்வதே கணக்கு.

எல்லா வெசலிலும் எல்லா பிட்டிலும் இந்தப் பம்ப் பழுது என்று நான் சொல்லவில்லை. குறிப்பிட்ட மாதங்களில் செய்த வண்டிகளுக்குத்தான். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் இல்லை என்பதால் உங்களுக்கும் இல்லை என்று ஆகிவிடாது. காலையில் செல்ப் நீளமாக அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது, ஏற்றத்தில் எக்ஸலேட்டரை மிதித்தால் திணறுகிறது, சிக்னலில் மெதுவாக்கும்போது அணைகிறது, கொஞ்ச நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது என்று வண்டி காட்டிக்கொடுத்தால் தள்ளிப்போடாதீர்கள்.

இனி கராஜுக்கு வருவோம். காசும் சான்றும் சேர்ந்து தொலைகிற இடம் அதுதான். வழக்கமாக நடப்பது இது. பாஸ் காதைக் கொடுத்துக் கேட்பார். “பம்ப் போயிருச்சு தம்பி. புதுசு எதுக்கு, பஞ்சிகாவத்தைல ஒன்னு எடுத்துப் போட்டுருவோம்” என்பார். அடுத்த நாள் கொழும்பிலிருந்து பார்சல் வரும், மாலைக்குள் வண்டி ஓடும், பழைய பம்ப் குப்பைக்குப் போகும். எல்லோருக்கும் சந்தோஷம்.

இதில் இரண்டு கண்ணி இருக்கிறது. பஞ்சிகாவத்தையில் எடுத்த பம்ப் எந்தக் காரில் கழற்றியது? பெரும்பாலும் ஜப்பானில் உடைத்த காரில். அது எந்த மாதத்தில் செய்தது? யாருக்கும் தெரியாது. ரீகோல் ஆன அதே பம்ப்பைக் காசு கொடுத்து மறுபடி பூட்டிக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் இந்தியாவைப் பாருங்கள். ஹொண்டாவின் இந்திய நிறுவனம் பெற்றோல் பம்ப்புக்காக 2020இல் 65,651 கார்களையும் 2021இல் 77,954 கார்களையும் அழைத்தது. 2024 ஒக்டோபரில் மறுபடியும் 92,000க்கு மேல். அந்த மூன்றாவது அழைப்பில் 2,204 வண்டிகள் எப்படி வந்தன தெரியுமா? அவற்றுக்குப் பழுதுபார்க்கும்போது உதிரிப்பாகமாகப் பூட்டிய பம்ப்பே சந்தேகப் பம்ப்! முகவரின் பெட்டியில் வந்ததற்கே அந்தக் கதி என்றால், எண்ணெய்த் துணியில் சுற்றி வருவதைப் பற்றி என்ன சொல்வது?

இரண்டாவது கண்ணி, கழற்றிய பழைய பம்ப். அதைக் குப்பையில் போட்ட அந்த நிமிடமே நிறுவனத்திடம் கேட்க உங்களிடம் ஒன்றும் இல்லை. ஆகவே பாஸிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: கழற்றுவதற்கு முன் ஸ்கேன் போட்டுத் தாருங்கள், கழற்றியதைக் கையில் தாருங்கள். பேட்டரி வயரைக் கழற்றி எச்சரிக்கை விளக்கை அணைக்கும் வைத்தியம் வேண்டவே வேண்டாம், கணினியில் பதிந்திருக்கும் பழுதுக் குறியீடு அதோடு அழிந்துபோகலாம். பம்ப்பின் மேல் அச்சிட்ட பாக இலக்கம் தெரியும்படி படம் எடுங்கள். மீட்டர் காட்டும் கிலோமீற்றரையும் எடுங்கள். பில்லில் திகதி, வண்டி இலக்கம், செசி இலக்கம், என்ன பழுது, என்ன மாற்றியது என்று எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் நம்மூர் பில்லில் “பம்ப் வேலை” என்று இரண்டு சொல்லும் ஒரு தொகையும்தான் இருக்கும். அந்தத் துண்டை வைத்துக்கொண்டு ஜப்பான்காரனிடம் வழக்காட முடியாது. பெற்றோல் வடிய வைத்த பம்ப்பைப் பொலித்தீனில் சுற்றி வீட்டுக்கு வெளியே, அடுப்புக்கும் விளக்குக்கும் தூரமாக வையுங்கள்.

இன்னும் கழற்றவே இல்லை என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. முதலில் அந்தக் கார் வகையின் இலங்கை முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். டொயோட்டாவுக்கு டொயோட்டா லங்கா, ஹொண்டாவுக்கு ஸ்டபர்ட், மிட்சுபிஷிக்கு யுனைட்டட் மோட்டர்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் உண்டு. “இது நாங்கள் விற்ற கார் இல்லையே” என்று பதில் வரலாம். உத்தரவாதம் பற்றிக் கேட்டால் அந்தப் பதிலில் நியாயம் உண்டு, ரீகண்டிஷன் காருக்கு முகவர் உத்தரவாதம் கொடுக்கவில்லைதான். நீங்கள் கேட்பது உத்தரவாதம் இல்லை. உற்பத்தியாளர் தன் பிழை என்று அரசாங்கத்திடம் எழுதிக்கொடுத்த பழுதைப் பற்றி. இந்த வேறுபாட்டை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் நின்று வாயால் கேட்டால் வாயாலேயே இல்லை என்று வரும். செசி இலக்கம், ரீகோல் பக்கத்தின் படம் இரண்டையும் இணைத்து மின்னஞ்சலாகவோ பதிவுத் தபாலாகவோ அனுப்பினால் அந்தக் கேள்வி ஒரு கோப்பில் ஏறும். மறுப்பதானாலும் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

எல்லாப் பழுதுக்கும் ரீகோல் வராது, அதுவும் உண்மை. மூன்றாம் தலைமுறை பிரியஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இன்வேர்ட்டருக்கு 2014 பெப்ரவரியில் 19 இலட்சம் வண்டிகளை டொயோட்டா அழைத்தது. போதாமல் 2018இல் பிரியஸும் ஓரிஸுமாக இன்னொரு 24 இலட்சம். ஆனால் அதே காரில், புகையைத் திருப்பி எஞ்சினுக்குள் விடும் இஜிஆர் குழாய் கரி அடைத்து, சிலிண்டர் ஒன்று அளவு மீறிச் சூடாகி, ஹெட் கேஸ்கெட் போவது ஹைபிரிட் வேலை தெரிந்த எந்த பாஸுக்கும் தெரிந்த கதை. கேஸ்கெட்டை மட்டும் மாற்றி, அடைப்பைச் சுத்தம் செய்யாமல் விட்டால் அதே பழுது திரும்ப வரும். தண்ணீர் குறைகிறது, காலையில் ஸ்டார்ட் ஆகும்போது வண்டி உலுக்குகிறது என்றால் மலை ஏறுவதை நிறுத்துங்கள்.

இப்படிப் பலரும் அறிந்த எஞ்சின் பழுதுக்கு, ரீகோலுக்கு வெளியேயும் நிறுவனம் காசு கொடுத்த வரலாறு உண்டு. பெஜோ, சிட்ரோயன் கார்களில் வந்த 1.2 லீற்றர் பியூர்டெக் எஞ்சினில் டைமிங் பெல்ட் எண்ணெய்க்குள்ளேயே ஓடும். பெல்ட் கரைந்து துகளாகி எண்ணெய் வழியை அடைத்தது. ஐரோப்பாவில் வாடிக்கையாளர்கள் வருடக்கணக்காகச் சத்தம் போட்ட பிறகு, 2024இல் ஸ்டெலான்டிஸ் நிறுவனம் அந்த எஞ்சினுக்கு உத்தரவாதத்தை 10 வருடம் அல்லது 1,75,000 கிலோமீற்றர் என்று நீட்டியது. 2022 தொடக்கத்திலிருந்து 2024 மார்ச் வரை சொந்தக் காசில் திருத்தியவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்க 2025இல் தனி வழியும் திறந்தது. யாருக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை, பில்லைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு.

நல்லெண்ண அடிப்படையில் நிறுவனம் பங்கு போடுமா என்று கேட்பதானால் சில விஷயங்களைப் பார்ப்பார்கள்: வண்டியின் வயது, ஓடிய தூரம், எண்ணெய் மாற்றிய பதிவு, முகவரிடம் சேர்விஸ் செய்ததா இல்லையா. மீட்டரைப் பின்னால் சுற்றிய வண்டி என்றால் ஜப்பானிய ஏல அறிக்கையில் இருக்கும் தூரமும் உங்கள் மீட்டரும் ஒத்துவராது. அங்கேயே கதை முடிந்துவிடும். முழுத் தொகை கேட்டு மோதுவதைவிட, பாகத்தின் விலை நிறுவனத்துடையது, கூலி என்னுடையது என்று ஆரம்பித்தால் காரியம் நகர வாய்ப்பு அதிகம். ரீகோல் பழுதுக்கு இந்தப் பேரம் பேசாதீர்கள். அதில் ஒரு சதம்கூட நீங்கள் போடவேண்டிய நியாயம் இல்லை.

2025இல் இறக்குமதி மறுபடி திறந்த பிறகு வந்த வண்டி வாங்கியவர்களுக்கும், வாங்கப்போகிறவர்களுக்கும் இன்னொரு எச்சரிக்கை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ், விற்ற பொருள் உத்தரவாதத்துக்கு ஒத்துவரவில்லை என்று முறைப்பாடு செய்யலாம். வாயால் சொல்லாவிட்டாலும் விற்பனையிலேயே அடங்கியிருக்கும் உத்தரவாதமும் இதில் சேரும். விசாரித்து நட்டஈடு கொடு, பொருளை மாற்றிக் கொடு, காசைத் திருப்பிக் கொடு என்று உத்தரவிடும் அதிகாரம் சபைக்கு உண்டு. ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். கார் விற்பனை நிலையத்துக்காரர் “பார்ப்போம் அண்ணே, போயா கழியட்டும், வருடப்பிறப்பு கழியட்டும்” என்று இழுப்பது எதற்காக என்று இப்போது புரிகிறதா? எல்லோரும் அப்படி இல்லைதான். ஆனால் நாட்காட்டி அவர் பக்கம் ஓடுகிறது, உங்கள் பக்கம் இல்லை. வியாபாரியிடம் இல்லாமல் தனியாளிடம் கைமாற்றாக வாங்கியிருந்தால் இந்த வழி அநேகமாகத் திறக்காது. ஆகவே முற்பணம் கொடுப்பதற்கு முன்பே செசி இலக்கத்தைக் கேளுங்கள். தர மறுக்கும் ஆளிடம் கார் வாங்காதீர்கள்.

அதிகார சபையின் அவசர இலக்கம் 1977. மாத்தளைக்காரர்கள் மாவட்டச் செயலகத்தில் விசாரிக்கலாம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதித்தர ஆள் தேடிப் பத்து நாளை வீணாக்கவேண்டாம். விற்பனைப் பில், உத்தரவாதத் தாள், ஏல அறிக்கை, கராஜ் பில், ரீகோல் பக்கத்தின் படம் எல்லாவற்றின் பிரதியையும் இணையுங்கள். மூலத்தை ஒருவரிடமும் கொடுக்காதீர்கள்.

ஹயர் ஓடுபவர்களுக்குத் தனியாக ஒரு சொல். உங்கள் வண்டியில் ஏறுவது ஊரான் பிள்ளைகள். ரிவஸ்டன் பார்க்க, சிகிரியா பார்க்க என்று மாதம் முழுக்க மலையிலும் ஏ9 வீதியிலும் ஓடுகிறீர்கள். ஒருநாள் ஓட்டம் போனால் லீசிங் கட்டமுடியாது என்ற நெருக்கடி எனக்குத் தெரியும். தேடல் பக்கத்தைப் பார்க்க ஒருநாள் தேவையில்லை, ஐந்து நிமிடம் போதும். இன்றைக்கே சி.ஆர். புத்தகத்தை எடுங்கள். பம்ப் ரீகோல் இருந்து, வேலை நடக்கவில்லை என்று வந்தால், முகவருக்கு எழுதி அனுப்புங்கள். அது சரியாகும் வரைக்கும் அந்த வண்டியில் ஆள் ஏற்றி மலை ஏறாதீர்கள்.